விமான நிலையத்தில் நின்ற கப்பல்

எங்கள் வீட்டில் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது சாமி படத்தை இல்லை, கப்பலை. என் மாமனார் பாதிக் கண் திறந்ததுமே தலையணைக்கு அடியில் கைவிட்டு போனை எடுத்துவிடுவார். அதில் ஒரு ஆப் இருக்கிறது. எந்தக் கப்பல் எந்தக் கடலில் போகிறது என்று வரைபடத்தில் காட்டும். ஒவ்வொரு கப்பலும் தான் இருக்கும் இடத்தைத் தானே சொல்லிக்கொண்டு போகுமாம். அதை வாங்கி இந்த ஆப் ஒரு சின்ன அம்பாகப் போடும். அந்த அம்புகளில் ஒன்றில் என் கணவர் இருக்கிறார். எண்ணெய்க் கப்பலில் இரண்டாம் அதிகாரி. கப்பலுக்கு வழி பார்ப்பதுதான் அவர் வேலை.

கள்ளக்குறிச்சிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காத ஆள் கிடையாது. ஒரு சம்பந்தமும் இல்லை. வடக்கனந்தலில் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். அதில் ஒரு பிள்ளை கப்பல் படிப்பு படித்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய?

மாமனாருக்குக் கடல் ஆகாது. கிணறு, ஏரி எல்லாம் சரி, கடல் ஆகாது. அம்பு நீலத்துக்கு நடுவில் இருக்கும் நாட்களில் அவருக்கு எதுவுமே பிடிக்காது. காபியில் சர்க்கரை கம்மி என்பார், டிராக்டர்காரரிடம் சண்டைக்குப் போவார். அம்பு ஏதாவது ஒரு துறைமுகத்தில் போய் ஒட்டிக்கொண்டால் போதும், "கர ஏறிட்டான்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு கறி வாங்க வண்டியை எடுப்பார். மாமியார் இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் அந்தக் கறிக்கு மசாலா அரைப்பது நான். உலகத்தில் எத்தனை துறைமுகம் என்று எங்கள் வீட்டு மிக்ஸியைக் கேட்டால் சொல்லும்.

நான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு மெடிக்கலில் வேலை பார்க்கிறேன். பார்மசி படித்தவள். வெடுக்கென்று பேசுகிறவள் என்று பெயர் எடுத்தவள். எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை, அதைப் பற்றி இங்கே பேச்சும் இல்லை. என் நாத்தனாருக்கு ஒரு பெண் குழந்தை. அந்தப் பாப்பாவுக்குக் காது குத்துவதாக மலையடிவாரத்துக் குலதெய்வக் கோயிலில் நாள் குறித்திருந்தார்கள். எங்கள் பக்கம் காது குத்துவதென்றால் தாய்மாமன் மடி வேண்டும். பிள்ளையை மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் ஆசாரி ஊசியை எடுப்பார். மாமன் கப்பலில் இருக்கிறார் என்பதால், அவருடைய சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தனார் முறை, அவரை மடி கொடுக்கச் சொல்லி ஏற்பாடாகியிருந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது என் கணவர் போன் செய்தார். வளைகுடாவுக்குள் சரக்கு ஏற்றிக்கொண்டு வெளியே வரக் காத்திருப்பதாகச் சொன்னார். வெளியே வருகிற வழி ஒடுக்கமானது. இரண்டு பக்கமும் கரை, நடுவில் நூற்றுக்கணக்கான கப்பல்கள். அங்கே இப்போது யாரோ சாட்டிலைட் சிக்னலைக் கெடுக்கிறார்களாம். எங்கே இருக்கிறோம் என்று கப்பலுக்குச் சொல்வது அந்தச் சிக்னல்தான்.

எனக்குப் புரியவில்லை என்றேன். கல்யாண வீட்டு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நீ போன் பேசினால் என்ன கேட்கும், அந்த மாதிரி என்றார். சாட்டிலைட் வெகு தூரத்திலிருந்து மெல்லிசாகப் பேசுகிறது, பக்கத்தில் ஒருத்தன் பெரிய சத்தம் போட்டால் அது அமுங்கிவிடும். அதைவிட மோசம், சில சமயம் அந்த ஆள் சாட்டிலைட் குரலிலேயே பொய் சொல்வானாம். நீ இருப்பது கடல் இல்லை, இன்ன ஊர் என்பானாம். கருவியும் தலையாட்டிக்கொண்டு அதையே காட்டுமாம். கருவி காட்டுவதைத்தான் கப்பல் ஊருக்கெல்லாம் சொல்லும்.

"அந்த ஆப்ப பாக்காத. கரையில காட்டும், கண்ட எடத்துல காட்டும். எதையும் நம்பாத. அப்பாகிட்ட சொல்லிகினு இருக்காத, பயந்துடுவாரு" என்றார்.

அப்படியானால் நீங்கள் எதை நம்பிப் போவீர்கள் என்று கேட்டேன். ரேடார் இருக்கிறது, கண் இருக்கிறது, அந்தக் காலத்தில் கண்ணால் பார்த்துப் போகவில்லையா என்றார். அந்தக் காலத்தில் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். சிரித்தார். வழியைத் தாண்டுகிற வரைக்கும் போன் இருக்காது, ஒன்றிரண்டு நாள் ஆகலாம் என்றார். அத்தோடு லைன் போய்விட்டது.

பார்க்காதே என்று ஒருத்தர் சொல்லிவிட்டுப் போனால் எந்தப் பெண்டாட்டிதான் பார்க்காமல் இருப்பாள்? காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தேன். கடைக்குப் போனால் அலமாரிக்கும் கல்லாவுக்கும் நடந்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை போன். அம்பு வந்துகொண்டிருந்த மாதிரி இருந்தது. பிறகு அங்கேயே நின்ற மாதிரி இருந்தது. பிறகு கொஞ்ச நேரம் கண்ணிலேயே படவில்லை.

மறுநாள் மதியம், கடையில் நல்ல கூட்டம். மாமனார் போன் செய்தார். குரலில் அப்படியொரு குஷி.

"அம்மா, உன் வூட்டுக்காரன் எங்க இருக்கான் தெரியுமா? ஏர்போர்ட்ல."

கையில் ஒரு அம்மாவின் சுகர் மாத்திரை அட்டை. அதைக் கீழே வைத்துவிட்டு ஆப்பைத் திறந்தேன். ஆமாம். அங்கே ஏதோ ஒரு ஊர் விமான நிலையம். ஓடுபாதை மேலே அம்பு நிற்கிறது. சாட்டிலைட் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் பக்கத்தில் வரிசையாக விமானங்கள்கூடத் தெரிகின்றன. அதுவும் அவருடைய அம்பு மட்டும் இல்லை. ஏகப்பட்ட அம்புகள், தானியத்தைக் குவித்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. கப்பல் விமான நிலையத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியும். எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது. அந்தக் கப்பலுக்கும் தெரியாது. அந்தக் குவியலில் இருக்கிற ஒவ்வொரு கப்பலுக்கும் தெரியாது. அத்தனையும் அந்த ஒடுக்கமான வழியில் ஒன்றையொன்று தடவிக்கொண்டு போகின்றன.

"மாமா, அது கப்பலு. அவரு இல்ல" என்றேன்.

"கப்பல் எப்டிம்மா ஏர்போர்ட்டுக்கு போவும்? அவன்தான் போயிருக்கான்."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? இத்தனை வருஷமாக அந்த அம்புதான் அவருக்குப் பிள்ளை. அம்பு துறைமுகத்தில் நின்றால் பிள்ளை துறைமுகத்தில். அம்பு விமான நிலையத்தில் நின்றால் பிள்ளை விமானம் ஏறப் போகிறான். மருமகள் காதுகுத்துக்கு மாமன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கப் போகிறான். மத்தக் கப்பல்காரர்களும் லீவில் போகிறார்கள் போல, எத்தனை பேர் நிற்கிறார்கள் பார் என்றார்.

சாயங்காலம் நான் வீடு போய்ச் சேர்வதற்குள் நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் சின்னசேலத்திலிருந்து பாப்பாவோடு வந்து இறங்கியிருந்தார்கள். நாத்தனாரின் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மூன்று தலையும் ஒரே போனுக்குள் கிடந்தது. அம்பு இப்போது வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி, அச்சில் வார்த்த வட்டம். ஒரு கப்பல் அப்படி ஓட முடியாது, ஒரு மனுஷன்கூட அப்படி நடக்க முடியாது.

"உள்ள கடைங்க இருக்குதில்ல, அங்க சுத்திகினு இருக்கான். பாப்பாவுக்கு கொலுசு வாங்கறான்" என்றார் மாமனார்.

என் வீட்டுக்காரர் சொல்லாதே என்றதையெல்லாம் தூக்கி மூலையில் போட்டுவிட்டு நான் சொல்ல ஆரம்பித்தேன். சிக்னலைக் கெடுக்கிறார்கள், அந்த அம்பு பொய், போன் வராது என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார் என்றேன். ஸ்பீக்கர் கதையையும் சொன்னேன். நாத்தனார் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு அவள் வீட்டுக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"அண்ணி நல்லா நடிக்கிறீங்க" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. போன பொங்கலுக்கு அவர் சொல்லாமல் வந்து இறங்கினார். அப்போது விஷயம் எனக்கு மட்டும் தெரியும். ஆப்பிரிக்காப் பக்கம் போயிருக்கிறார், வர வைகாசி ஆகும் என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் இவர்களை நம்ப வைத்தவள் நான். இப்போது உண்மையைச் சொல்கிறேன், அதே முகம், எப்படி நம்புவார்கள்? நான் எவ்வளவுக்கு எவ்வளவு மறுத்தேனோ அவ்வளவுக்கு அவ்வளவு அவர்களுக்கு உறுதியானது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதையும் பார்த்துவிட்டு, "போதும் அண்ணி, ஓவரா போவாதீங்க" என்று சிரித்தாள். பளாரென்று ஒன்று வைக்கலாமா என்று இருந்தது. எழுந்து போய் மிக்ஸியை ஓடவிட்டேன். அதில் ஒன்றும் இல்லை, சும்மாதான் ஓடியது.

அடுத்த நாள் அம்பு காணாமல் போயிற்று. நான் கடையில் இருக்கும்போதுதான் பார்த்தேன். அந்த வட்டமாவது இருந்ததே என்று தோன்றியது. கப்பல் பெயரைப் போட்டுத் தேடினால் கடைசியாகத் தெரிந்தது இன்ன நேரம் என்று மட்டும் வந்தது. வெறும் நீலம். வீட்டில் இதற்கும் காரணம் தயாராக இருந்தது. பிளைட்டில் ஏறிவிட்டான், ஏறினால் போனை அணைத்துவிடச் சொல்வார்கள் இல்லையா, அதனால்தான் காணோம்.

கடை முதலாளியை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் பக்கத்தில் வந்து நின்று, கையிலிருந்த அட்டையை மெதுவாக வாங்கிப் பார்த்தார். அம்பது மில்லிகிராமுக்கு நூறு மில்லிகிராம் எடுத்திருந்தேன். என் பத்து வருஷ வேலையில் நடக்காதது. அவர் திட்டவில்லை. வந்தவரை அனுப்பிவிட்டு, என்னம்மா ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். அவருடைய மருமகன் அந்த நாடுகளில் ஒன்றில் டாக்சி ஓட்டுகிறார்.

"என் மருமவன் வண்டி நேத்து நடுக்கடல்ல ஓடிச்சாம்மா. மேப்புல. சவாரி ஏறினவரு பயந்துட்டாராம்" என்றார். கொஞ்சம் சிரிப்பு மாதிரி ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தரையில் ஓடுகிற காருக்கு மேப் பொய் சொன்னால் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்து ஓட்டிவிடலாம், கடலில் ரோடு ஏது என்று அவரே சொன்னார். பிறகு, "தொழுவுறப்ப கேட்டுக்கறேன். நீ பில்லு மட்டும் போடு, மாத்திர எடுக்காத" என்றார். இரண்டு நாளில் என்னை நம்பிய ஒரே ஆள் அவர்தான். நான் பில் போட்டேன். அதையும் தப்பாகப் போட்டேன்.

வீட்டில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. மடி கொடுப்பதாக இருந்த கொழுந்தனாரைக் கூப்பிட்டு, நீ சும்மா வந்து சாப்பிட்டுப் போ, மாமனே வர்றான் என்று மாமனார் சொல்லிவிட்டார். அந்த மனுஷர் மடி கொடுப்பதற்கென்று புது வேட்டி எடுத்து வைத்திருந்தவர். முறுக்கிக்கொண்டு விழாவுக்கே வர மாட்டேன் என்றுவிட்டார். கோயில் வாசலில் கட்டுவதற்கு பிளக்ஸ் அடித்து வந்தது. அதில் வெள்ளைச் சட்டையும் தோளில் பட்டையுமாக என் வீட்டுக்காரர், ஆள் உயரத்துக்கு. பக்கத்தில் 'தாய்மாமன் வருகிறார்' என்று கொட்டை எழுத்து. அந்தப் படத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. செத்தவர்களுக்கும் இதே அளவில்தான் அடிக்கிறார்கள். இந்த நினைப்பு வந்ததற்காக என் வாயிலேயே அடித்துக்கொண்டேன்.

விழாவுக்கு முந்தின நாள் அண்ணன் காரை எடுத்துக்கொண்டு சென்னை விமான நிலையத்துக்குக் கிளம்பினார். திடீரென்று வருகிறவனை நாம் திடீரென்று போய் அழைத்து வரலாம் என்று யோசனை. போகாதீங்க அண்ணா, அவர் வரமாட்டார் என்று கார் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். எந்த பிளைட்டுனு மட்டும் சொல்லும்மா, சிரமம் கம்மியாவும் என்றார். கதவை விட்டுவிட்டேன்.

விடிந்தது. கோயில் வடக்கனந்தலைத் தாண்டி மலை எடுக்கிற இடத்தில் இருக்கிறது. கல்வராயன் மலை மேலே மேகம் உட்கார்ந்திருந்தது. பாப்பாவுக்கு மொட்டை அடித்து, சந்தனம் தடவி, பட்டுப் பாவாடை கட்டியாயிற்று. சீர்த்தட்டுகள் வரிசையாக இருந்தன. மாமன் உட்காருவதற்கு மணையும் அதன் மேல் புதுத் துண்டும் போட்டிருந்தார்கள். அண்ணன் ராத்திரியே போன் செய்து வளைகுடா பிளைட்டில் வரவில்லை என்றதற்கு, அடுத்ததைப் பார் என்றார் மாமனார். அதிலும் இல்லை என்றதற்கு, பஸ் ஏறியிருப்பான், நீ வா என்றார். என் போன் என் கைக்குள்ளேயே இருந்தது. அடிக்கவில்லை. ஒன்றிரண்டு நாள் என்று சொன்னவர். நான்காவது நாள் ஆகிவிட்டது.

கார் திரும்பி வருகிறது என்று யாரோ சொன்னார்கள். கார் வந்ததும் அடிக்க வேண்டும் என்று மேளக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். அவர் அடித்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். கார் நின்றது. அண்ணன் மட்டும் இறங்கினார். முழு ராத்திரியும் நின்ற முகம். மேளம் இன்னும் கொஞ்ச நேரம் ஓடி, பிறகு தானாகவே நின்றது. என் மாமனார் காருக்குப் பக்கத்தில் போய், பின் சீட்டுக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். அதை மூடினார். அங்கிருந்து நேராக என்னிடம் வந்தார்.

"அப்ப அவன் எங்கம்மா?"

நாலு நாளாக ஒருத்தரும் கேட்காத கேள்வி. எல்லோருக்கும் விடை தெரிந்திருந்ததால் யாரும் கேட்கவில்லை. இப்போது அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"தெரியல மாமா. நெஜமா எனக்கு தெரியல" என்றேன். "கப்பல் அந்த சந்துக்குள்ள இருந்துது. அத்தினி கப்பலும் எங்க இருக்கோம்னே தெரியாம போவுதுங்க. அப்பால இன்னா ஆச்சுனு தெரியல."

நாத்தனார் வாயில் கை வைத்துக்கொண்டாள். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தபோது எனக்குத் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அதுவரைக்கும் அந்தப் பயம் என் ஒருத்திக்குள் இருந்தது, இப்போது கோயில் முழுக்கப் பரவிவிட்டது. மாமனார் வேட்டி மடிப்பில் செருகியிருந்த போனை எடுத்தார், ஆப்பைத் திறந்தார், பார்த்தார், என்னிடம் நீட்டினார். எனக்கு ஒண்ணும் புரியலம்மா என்கிற மாதிரி நீட்டினார். நான் வாங்கவில்லை.

நல்ல நேரம் போகிறது என்று ஆசாரி இரண்டு தடவை சொல்லிவிட்டார். மடி இல்லை. முறுக்கிக்கொண்டு போன கொழுந்தனாருக்கு ஆள் அனுப்பலாமா என்று ஒருத்தர், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று ஒருத்தர். இன்னொரு நாள் என்ற வார்த்தை எனக்குப் பொறுக்கவில்லை. எந்த இன்னொரு நாள்? அந்த நாளில் மட்டும் யார் இருப்பார்கள் என்று எழுதியா வைத்திருக்கிறது? நான் போய் மணையில் உட்கார்ந்தேன். பொம்பள உக்காந்தா எப்டி என்று பின்னால் ஒரு குரல் வந்தது. யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை.

"மாமன் இல்லன்னா மாமன் பொண்டாட்டி. புள்ளைய குடுங்க" என்றேன்.

பாப்பாவை மடியில் வாங்கிக்கொண்டேன். மொட்டைத் தலையில் சந்தன வாசனை. என் போனை நாத்தனாரிடம் கொடுத்தேன், படம் பிடிக்கச் சொல்லி இல்லை, இரண்டு கையும் வேண்டியிருந்தது. அவள் கைக்கு வேலை வேண்டுமே என்று அதிலேயே வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். ஆசாரி காதைத் தடவி, மையால் புள்ளி வைத்து, ஊசியை எடுத்தார். பாப்பா வீறிட்டாள். அந்தச் சத்தத்துக்குள் நானும் அழுதேன். யாருக்கும் தெரியாமல் அழுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. வாய்விட்டு, மூக்கு ஒழுக, குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன். இரண்டாவது காது முடியும்போது பாப்பா நிறுத்திவிட்டாள், என்னால் நிறுத்த முடியவில்லை.

அப்போதுதான் நாத்தனார், "அண்ணி, போன், அண்ணி" என்றாள். வீடியோ எடுத்துக்கொண்டிருந்த திரையில் அவர் பெயர் வந்து நின்றது.

அவள் அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். அவர் குரல் கோயில் முழுவதும் கேட்டது. வெளிய வந்துட்டோம் என்றார். நல்லா இருக்கேன் என்றார். நான் முதலில் சொன்னது இங்கே எழுதக்கூடிய வார்த்தை இல்லை. கோயில் என்றுகூடப் பார்க்காமல் திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கோயிலில் இத்தனை பேர் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. அதனால் எனக்கு மட்டும் சொல்வதாக நினைத்துச் சொன்னார்.

மதியம் அவர் பொறுப்பில் கப்பல் போய்க்கொண்டிருந்ததாம். புழுதிக் காற்று, கரை மங்கிப் போயிருந்தது. வரைபடத்தில் அவர்கள் கப்பலும் சுற்றியிருந்த கப்பல்களும் ஒரே விமான நிலையத்தில் நின்றன. அந்தத் திரையைத் துணியால் மூடிவிட்டு, இரண்டு பக்கமும் ஆளை நிறுத்திக் கண்ணால் பார்த்துப் போனார்களாம். எதிரே வந்த ஒரு கப்பல் தன் கருவியை நம்பிவிட்டது. தான் வழியை விட்டு விலகிவிட்டதாக நினைத்து, சரி செய்கிறேன் என்று இவர்கள் பக்கம் திரும்பியது. ரேடியோவில் கத்தினார்களாம். எல்லாக் கப்பலும் கத்துகிற இடத்தில் எது யாருக்குக் கேட்கும்? நிறுத்தலாம் என்றால் எண்ணெய் ஏற்றின கப்பல் நினைத்த இடத்தில் நிற்காது. கேப்டன் சுக்கானை முழுவதும் ஒடிக்கச் சொன்னார். அந்தக் கப்பல் பக்கத்தில் உரசுகிற மாதிரி போனது.

"அந்த டெக்குல ஒருத்தரு துணி காயப் போட்டுகினு இருந்தாரு. கிளிப்பு வாயில இருந்துது. அது தெரியிற அளவு கிட்ட" என்றார்.

அதற்கப்புறம் வெளியே வந்து நங்கூரம் போட்டும் நெட் கிடைக்கவில்லையாம். நெட் ஆன்டெனாவுக்கும் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிய வேண்டுமாம். இன்றைக்கு நங்கூரத்தை எடுத்து நடுக்கடலுக்கு வந்த பிறகுதான் தெளிந்ததாம்.

அந்தக் கப்பல் உரசப் பார்த்தது எந்த நாள், எந்த நேரம் என்று கேட்டேன். சொன்னார். என் மாமனார் கடைக்குப் போன் செய்து ஏர்போர்ட்டில் நிற்கிறான் என்று குஷியாகச் சொன்ன மதியம் அதுதான். அந்தக் குவியலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த அம்புகளில் அந்தத் துணி காயப்போட்ட ஆளும் இருந்திருப்பார். மாமனாரும் நேரத்தைக் கணக்குப் போட்டுவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கை நீட்டி போனை வாங்கினார். காதில் வைத்துக்கொண்டார், ஸ்பீக்கரில் இருந்தும்.

"மோதல இல்ல?" என்று கேட்டார்.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கும். "இல்லப்பா" என்றார்.

மாமனார் போனை என் கையில் கொடுத்துவிட்டு நடந்து போய் பிளக்ஸ் கட்டியிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன். இந்தச் சரக்கை இறக்கிவிட்டு இன்னொரு முறை அதே வழியாக உள்ளே போக வேண்டும் என்றார். இறங்கிவிடுங்கள் என்றேன். எனக்கு மாற்று ஆள் வருகிற வரைக்கும் இறங்க முடியாது, இப்போது நான் இறங்கினால் கப்பல் ஜன்னலில் நின்று கண்ணால் வழி பார்க்க ஆள் இல்லை என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் சொல்வது சரி என்பதால் இன்னும் ஆத்திரம் வந்தது. பாப்பா அழுதாளா என்று கேட்டார். அழுதாள் என்றேன்.

பந்தி நடந்தது. எல்லோரும் இப்போது நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். நாத்தனார் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள், என் முந்தானையைச் சரி செய்தாள். நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை. மாமனார் மட்டும் இலையில் உட்காரவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷர். இரண்டு முறை கூப்பிட்டேன். மூன்றாவது முறை போனபோது, கார் நிழலில் நின்றுகொண்டு போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு போயும் தள்ளிப் பிடித்தும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்பு வந்திருந்தது. கரை எதுவும் அருகில் இல்லை, சுற்றிலும் வெறும் நீலம்.

"தண்ணியிலதான இருக்கான்?" என்றார்.

"தண்ணியிலதான் மாமா."

"நல்லா பாத்து சொல்லும்மா. கரையில ஒண்ணும் இல்லியே?"

போனை வாங்கி, விரலால் விரித்து, நாலு பக்கமும் தள்ளித் தள்ளிக் காட்டினேன். எங்கே தள்ளினாலும் கடல்தான் வந்தது. கடலைக் கண்டாலே ஆகாதவர் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தண்ணியிலதான் இருக்கான்" என்று பந்தியைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டு, இலையில் போய் உட்கார்ந்தார்.